கிளாஸ் கணக்கில் வைன்

வைன் பாருக்கு முதல் தடவையாகப் போகிறவர் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: போத்தல் வேண்டாம், கிளாஸ் கணக்கில் கேளுங்கள். போத்தலைத் திறந்துவிட்டால் அதைத் தீர்த்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றும். காசு கொடுத்ததை மிச்சம் வைத்துவிட்டு வர யாருக்கும் மனம் வராது. கிளாஸில் அந்தக் கட்டாயம் இல்லை. ஒன்று கேட்கலாம், பிடிக்காவிட்டால் அடுத்து வேறு ரகம் கேட்கலாம், போதும் என்று பட்டால் பில்லைக் கேட்டுவிடலாம். எங்கே நிறுத்துவது என்பது உங்கள் கையில் இருக்கிறது. மற்ற விவரங்கள் எல்லாம் இதற்குத் துணை செய்பவைதான்.

ஜாசினிலும் மெர்லிமாவிலும் அலோர் காஜாவிலும் அசகானிலும் வளர்ந்து, இப்போது மலாக்கா டவுனிலோ கோலாலம்பூரிலோ வேலை பார்ப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். அலுவலகத்தில் ஒருவருக்குப் பிரிவுபசாரம், கல்லூரித் தோழிக்குப் பிறந்தநாள் என்று ஏதாவது ஒரு காரணத்தால் அழைப்பு வந்துவிடுகிறது. என்ன உடுத்துவது, என்ன கேட்பது, எவ்வளவு ஆகும் என்ற தயக்கம் இயல்பு. அதைவிடக் கனமான தயக்கம் ஒன்று நம் வீடுகளில் உண்டு; அது தோட்டக் காலத்துக் கள்ளுக்கடையிலிருந்து வருவது.

டான் சே யான் என்பவர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்ட பிறகு மலாக்கா மாநிலத்தில் ரப்பர் தோட்டங்கள் பரவின. தோட்டங்களுக்குத் தமிழர்கள் வந்தார்கள். கூடவே உரிமம் பெற்ற கள்ளுக்கடையும் வந்தது. சம்பள நாளில் அப்பா எந்தப் பக்கம் நடக்கிறார் என்று லயத்து வாசலில் நின்று பார்த்த பிள்ளைகள் இன்றைக்குத் தாத்தா பாட்டிகள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதையும் கோரிக்கையாக வைத்தார்கள். பின்னால் மலிவு விலைச் சம்சு சாராயம் வந்து எத்தனையோ குடும்பங்களை நிலைகுலைத்தது. ஆகவே, வைன் பாருக்குப் போகிறேன் என்று பிள்ளை சொல்லும்போது அம்மாவின் முகம் மாறினால் அதில் நியாயம் இருக்கிறது. குடிக்காதவரைக் குடிக்கத் தூண்ட இந்த அத்தியாயம் எழுதப்படவில்லை. சோடா லைம் கேட்டுக்கொண்டு நண்பர்களோடு பேசிவிட்டு வந்தாலும் அங்கே யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். நினைத்தால், அந்த நண்பர்களோடு இன்னொரு முறை போக வேண்டியதில்லை.

எங்கே போவது

மலாக்கா டவுனில் ஜோங்கர் ஸ்திரீட் எனப்படும் ஜாலான் ஹங் ஜெபாட், அதையொட்டிய ஆற்றங்கரை, பெரிய ஹோட்டல்களின் பார்கள் ஆகிய மூன்று இடங்களில்தான் தேட வேண்டும். ஜோங்கரில் வெள்ளி, சனி, ஞாயிறு இரவுச் சந்தை நடப்பதால் அந்த மூன்று நாளும் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. கடைக்காரருக்கும் உங்களோடு நின்று பேச நேரம் இருக்காது. முதல் தடவைக்கு வார நாளே நல்லது. அமைதி வேண்டுமென்றால் ஜாலான் பூங்கா ராயாவில் 1920களின் பழைய மாளிகையை ஒட்டி அமைந்த மெஜெஸ்டிக் போன்ற ஹோட்டல்களைப் பார்க்கலாம். விலை கொஞ்சம் கூடும், ஆனால் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கோலாலம்பூரில் தேர்வு அதிகம். பங்சாரின் ஜாலான் தெலாவி பக்கமும் சங்காட் புக்கிட் பிந்தாங் பக்கமும் பலருக்குத் தெரிந்தவை. மலாக்கா சென்ட்ரலில் பஸ் ஏறினால் தெர்மினல் பெர்செபாடு செலாத்தானில் இறங்கி ரயிலில் உள்ளே போகலாம். அன்றிரவே ஊர் திரும்பும் எண்ணத்தோடு போக வேண்டாம். தங்குவதற்கு உறவுக்காரர் வீட்டையோ அறையையோ முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஜோங்கர் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு வார்த்தை. ஒரு தெரு தள்ளி ஜாலான் துக்காங் எமாசில் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் இருக்கிறது. மலாக்காச் செட்டிகள் கட்டிய கோயில் அது. அதே வரிசையில் கம்போங் கிளிங் பள்ளிவாசலும் அருகில் செங் ஹூன் தெங் கோயிலும் இருக்கின்றன. பாரிலிருந்து கிளம்பி வண்டியைத் தேடி அந்தத் தெருவில் நடக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள்.

உடையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். சட்டையும் சப்பாத்தும் போதும். சேலையோ சுடிதாரோ உடுத்திப் போகும் பெண்கள் அப்படியே போகலாம். மைகார்ட் மட்டும் கையில் இருக்கட்டும்: 2017 டிசம்பர் 1 முதல் மது வாங்கும் வயது 18இலிருந்து 21 ஆகிவிட்டது, இளமையான முகமாக இருந்தால் கேட்பார்கள்.

விலை அட்டையை எப்படிப் படிப்பது

ஒரு வைன் போத்தலில் 750 மில்லி லிட்டர் இருக்கும். ஒரு கிளாஸுக்கு 125 மில்லி ஊற்றினால் ஆறு கிளாஸ், 150 மில்லி ஊற்றினால் ஐந்து கிளாஸ். இந்தக் கணக்கு தெரியாமல் விலையைப் பார்த்துப் பயனில்லை. ஒரு கடையில் கிளாஸ் 36 வெள்ளி, பக்கத்துக் கடையில் 40 வெள்ளி என்றால் முதல் கடைதான் மலிவு என்று தோன்றும். முதல் கடை 125 மில்லியும் இரண்டாவது கடை 150 மில்லியும் ஊற்றினால் கதை மாறுகிறது: முதலாவதில் 100 மில்லிக்கு 28 வெள்ளி 80 காசு, இரண்டாவதில் 26 வெள்ளி 70 காசு. அளவு அட்டையில் அச்சிடப்பட்டிருக்கும். இல்லாவிட்டால் தயங்காமல் கேளுங்கள். நல்ல கடைக்காரர் உடனே சொல்வார்.

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் போட்டிருந்தால், கடையின் சேவைக் கட்டணமும் அரசாங்கத்தின் சேவை வரியும் பில்லில் தனியாக ஏறும். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிளாஸ் 76 வெள்ளி என்று மனத்தில் போட்ட கணக்கு பில்லில் 88 வெள்ளிக்கு மேல் வந்து நிற்கும். சேவைக் கட்டணம் சேர்ந்திருப்பதால் தனியாக டிப்ஸ் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை.

வைன் நம் நாட்டில் ஏன் இவ்வளவு விலை என்று கேட்பவர்களுக்கு: 2016 மார்ச் 1 முதல் கலால் வரி ஆல்கஹாலின் அளவைப் பொறுத்து விதிக்கப்படுகிறது; 2025 நவம்பர் 1 முதல் அது மேலும் 10 சதவீதம் உயர்ந்தது. அதற்கு மேல் கடை வாடகை, குளிரூட்டல், வீணாகும் வைன் எல்லாம் சேர்கின்றன. ஒரு போத்தலைக் கடை என்ன விலைக்கு வாங்கியதோ, ஏறக்குறைய அதையே ஒரு கிளாஸின் விலையாக வைப்பது இந்தத் தொழிலில் பரவலான வழக்கம். முதல் கிளாஸிலேயே போத்தலின் காசு வந்துவிடுகிறது. இது ஏமாற்று அல்ல. மீதி நாலு கிளாஸ் விற்காமல் கெட்டுப்போகும் அபாயத்தைக் கடைதான் சுமக்கிறது. நாலைந்து பேர் ஒரே வைனைக் குடிக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் போத்தல் மலிவாக முடியும்.

பல கடைகளில் பாதி அளவிலும் ஊற்றுவார்கள், மூன்று சிறு கிளாஸ்களை ஒரே தட்டில் வைத்தும் தருவார்கள். முதல் தடவை போகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. ஒரு வெள்ளை, ஒரு ரோஸே, ஒரு சிவப்பு என்று அருகருகே வைத்துச் சுவைத்தால் உங்கள் நாக்குக்கு எது ஒத்துவருகிறது என்று அரை மணியில் தெரிந்துவிடும்.

எப்போது திறந்த போத்தல்?

கிளாஸ் கணக்கில் வாங்குகிறவர் கேட்க வேண்டிய மிக முக்கியமான கேள்வி இது. காலையில் இறக்கிய கள் பொழுது சாய்வதற்குள் புளித்துவிடுவதைத் தோட்டத்தில் வளர்ந்தவர் அறிவார். வைனும் காற்றுப் பட்டால் கெடுகிறது, கொஞ்சம் மெதுவாக. குளிர்பெட்டியில் வைத்தால் வெள்ளையும் சிவப்பும் மூன்று முதல் ஐந்து நாள் தாங்கும். நுரை வைன் ஒன்றிரண்டு நாளிலேயே நுரையை இழந்துவிடும். ஆகவே, “இது எப்போது திறந்தது?” என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நேற்று என்றால் சரி. பதில் சொல்லத் தடுமாறினால் வேறு ரகத்துக்கு மாறுங்கள்.

சின்னக் கடை ஒன்றில் முப்பது ரகம் கிளாஸ் கணக்கில் கிடைக்கும் என்று எழுதியிருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். அத்தனையும் விற்றுத் தீராது. ஆனால் சுவரோரம் இத்தாலிய எனோமேட்டிக் போன்ற இயந்திரம் இருந்தால் அந்தச் சந்தேகம் வேண்டாம். போத்தலுக்குள் காற்றுக்குப் பதில் நைட்ரஜனையோ ஆர்கானையோ செலுத்தி வைனை வாரக்கணக்கில் காக்கிறது அது. கோராவின் என்ற கருவியும் உண்டு. கிரெக் லாம்பிரெக்ட் என்ற அமெரிக்கர் உருவாக்கி 2013இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. தக்கையைப் பிடுங்காமல் மெல்லிய ஊசியால் துளைத்து, உள்ளே ஆர்கானைச் செலுத்தி, வேண்டிய அளவு வைனை மட்டும் வெளியே எடுக்கிறது. ஊசியை உருவியதும் தக்கை தானே மூடிக்கொள்ளும். போத்தலாக வாங்கினால் கட்டுப்படியாகாத வைனை ஒரு கிளாஸ் மட்டும் சுவைக்க இன்று வழி கிடைத்திருப்பது இதனால்தான்.

எந்தக் கருவியாக இருந்தாலும் உங்கள் கிளாஸை உங்கள் கண் முன்னால், போத்தலைக் காட்டி ஊற்றச் சொல்லுங்கள். முதலில் ஒரு வாய் அளவு ஊற்றித் தரும்படி கேட்பதும் வழக்கத்தில் உள்ளதுதான். ஈரமான அட்டைப்பெட்டி போல வாடை வந்தால் தக்கையில் உண்டாகும் டிசிஏ என்ற சேர்மத்தால் கெட்ட வைன் அது. வினிகர் மணம் வந்தால் திறந்து நாளாகிவிட்டது. இரண்டையும் தயங்காமல் திருப்பிக் கொடுக்கலாம். முகர்ந்து பார்க்கச் சொல்லிக் கிளாஸை நீட்டினாலே போதும், வாதாட வேண்டியதில்லை.

நம் ஊர்ச் சூடு

சிவப்பு வைனை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கும். ஐரோப்பாவின் பழைய கல் வீடுகளுக்காகச் சொன்ன பேச்சு அது. மலாக்காவில் பகல் வெப்பம் 31, 32 டிகிரி. அந்தச் சூட்டில் சிவப்பு வைன் கொழகொழவென்று, ஆல்கஹால் மட்டும் மூக்கில் ஏறுகிற திரவமாகிவிடும். சிவப்புக்கு 14 முதல் 18 டிகிரி, வெள்ளைக்கு 8 முதல் 12, நுரை வைனுக்கு 6 முதல் 8 என்பதே சரியான அளவு. ஆற்றங்கரை மேசையில் உட்கார்ந்திருக்கும்போது சிவப்பு வைன் வெதுவெதுப்பாக வந்தால், “கொஞ்ச நேரம் ஐஸ் வாளியில் வைத்துத் தாருங்கள்” என்று கேளுங்கள். பதினைந்து நிமிடம் போதும். ஆள் மாறிவிட்டது போல வரும். கிளாஸின் காம்பைப் பிடிக்கச் சொல்வதும் இதற்காகத்தான்; கிண்ணத்தை உள்ளங்கையில் ஏந்தினால் உடம்புச் சூடு வைனில் ஏறும். சிவப்பு வைன் போத்தல்களை அடுப்புப் பக்கத்து அலமாரியில் அழகுக்கு அடுக்கி வைத்திருக்கும் கடையில் நான் வைன் கேட்க மாட்டேன்.

எதைக் கேட்பது, எதோடு சாப்பிடுவது

பெயர்கள் வாயில் நுழையாவிட்டால் அட்டையில் விரல் வைத்துக் காட்டுங்கள். எல்லா நாட்டு ஆட்களும் அப்படித்தான் செய்கிறார்கள். அதைவிட நல்லது, உங்களுக்கு வேண்டியதைச் சுவையாகச் சொல்வது: புளிப்பு கூடுதலாகவா குறைவாகவா, துவர்ப்பு இருக்கலாமா, இனிப்பு வேண்டுமா. பாக்கை மென்றால் நாக்கு வறண்டு பிடிக்குமே, அந்தத் துவர்ப்புதான் சிவப்பு வைனில் டானின். அது பிடிக்காதவர் கேபர்னே சோவின்யோனில் தொடங்கக் கூடாது. பீனோ நுவார் கேட்கலாம்.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அது மஸ்கட் ஹாம்பர்க் என்னும் ரகம். அதே மஸ்கட் குடும்பத்து வாசனை கொண்டது இத்தாலியின் மொஸ்காட்டோ டாஸ்தி. லேசான நுரை, இனிப்பு, ஆல்கஹால் சுமார் ஐந்து சதவீதம்தான். வைனே சுவைத்திராத அத்தைக்கோ சின்னம்மாவுக்கோ ஒரு வாய் கொடுத்துப் பார்க்க இதுவே ஏற்றது.

நம் சாப்பாட்டோடு வைன் சேராது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் தவறான வைனோடு சாப்பிட்டவர்கள். மிளகாய்க் காரத்தை ஆல்கஹால் இன்னும் எரிய வைக்கும், டானின் அதை முரடாக்கும். ஆகவே காரமான சாப்பாட்டுக்கு 14, 15 சதவீதச் சிவப்பு வைன் வேண்டாம். ஜெர்மனியின் மோசல் பகுதி ரீஸ்லிங்கில் லேசான இனிப்பும் கூர்மையான புளிப்பும் இருக்கும். ஆல்கஹால் பல போத்தல்களில் 8 முதல் 10 சதவீதம்தான். கம்போங் போர்ச்சுகிசின் கறி டெபால், கடுகும் வினிகரும் மிளகாயும் சேர்ந்த அந்தக் கறிக்கு, இதைவிடப் பொருத்தமானதை நான் சுவைத்ததில்லை. அசாம் பெடாஸின் புளிக்கு நியூசிலாந்தின் மார்ல்பரோ சோவின்யோன் பிளாங்க் ஈடு கொடுக்கும். ஆட்டுக்கறி பிரட்டலில் மிளகாயைக் குறைத்து மிளகைக் கூட்டினால் ஆஸ்திரேலிய ஷிராஸ் அழகாகச் சேரும். ஷிராஸில் வரும் மிளகு வாசனைக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற சேர்மமே மிளகிலும் இருக்கிறது.

ஆனால் வைன் பாரில் பிரட்டல் கிடைக்காது. சீஸ், ஆலிவ், மெல்லியதாக அரிந்த குளிர்ந்த இறைச்சி என்று ஒரு பலகையில் வைத்துத் தருவார்கள். அதில் பன்றியும் மாடும் கலந்திருக்கும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கேட்காமல் கை வைக்க வேண்டாம். பிரெசாவோலா என்றால் மாடு. சைவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: சில வைன்களைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கருவோ மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸோ பயன்படுத்துகிறார்கள். வீகன் என்று குறித்த வைனில் அவை கிடையாது.

வெறும் வயிற்றோடு மட்டும் போகாதீர்கள். வைன் பார் தட்டு பசியாற்றாது, விலையும் அதிகம். வீட்டிலோ வாழையிலைக் கடையிலோ சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது.

அளவும் வண்டியும்

13 சதவீத வைன் 150 மில்லியில் ஏறக்குறைய 15 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 320 மில்லி பீர் டின் ஒன்றில் 5 சதவீதம் என்றால் 13 கிராமுக்குள். கிளாஸ் பார்க்கச் சிறியது, டின் பெரியது. உள்ளே இருப்பது அதற்கு நேர்மாறு. உடம்பு மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். ஒரு கிளாஸுக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் பெரிதாகத் தவறாது. ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு கிளாஸ் தண்ணீர் சேர்த்துக் குடியுங்கள். முதல் தடவைக்கு இரண்டு கிளாஸே எல்லை என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்துவிடுங்கள். பாரில் உட்கார்ந்து எடுக்கிற முடிவு நிற்காது. எந்த அளவும் உடம்புக்கு முற்றிலும் பாதுகாப்பானதல்ல என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. இந்நாட்டில் இந்தியர்களிடையேதான் நீரிழிவு அதிகம். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு கிளாஸ்கூட எடுக்க வேண்டாம், ரத்தச் சர்க்கரை திடீரென இறங்கிவிடலாம்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்கு எதிரான சட்டம் 2020 அக்டோபர் 23 முதல் கடுமையாகிவிட்டது. 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் என்றிருந்த வரம்பு 50 ஆகக் குறைந்தது. மூச்சுச் சோதனையில் 35 மைக்ரோகிராம் 22 ஆனது. முதல் குற்றத்துக்கே 10,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, குறைந்தது இரண்டாண்டு உரிமம் ரத்து. மோட்டார் சைக்கிளுக்கும் இதே சட்டம். டவுனுக்குள் கிராப் கிடைக்கும். பத்தாங் மலாக்கா, கெமுனிங், அசகான் பக்கம் செம்பனைக்குள் போகிற சாலைக்கு நள்ளிரவில் கிராப் வரும் என்று நம்பி இருக்காதீர்கள். குடிக்காத ஒருவர் வண்டி ஓட்ட ஒப்புக்கொண்ட பிறகே கிளம்புங்கள். அவருடைய சாப்பாட்டையும் தண்ணீரையும் மற்றவர்கள் பகிர்ந்து கொடுப்பது முறை.

பெலாஞ்சா

நம் ஆட்களின் பெரிய மனம் இங்கே கெடுதலாக முடிகிறது. ஒருவர் எல்லோருக்கும் பெலாஞ்சா என்பார். அடுத்தவர் விட்டுக்கொடுக்க மாட்டார். ஐந்து பேர் மேசையில் ஐந்து சுற்று ஓடிவிடும். யாரும் ஐந்து கிளாஸ் குடிக்க வந்தவர் இல்லை. உட்கார்ந்தவுடனேயே, “அண்ணே, இன்னைக்கு அவங்கவங்க கிளாஸுக்கு அவங்கவங்க கட்டிக்கலாம். பலகை மட்டும் நான் வாங்குறேன்” என்று சொல்லிவிட்டால் மானமும் காக்கப்படும், அளவும் காக்கப்படும். மாமா உறவில் மூத்தவர் ஒருவர் வற்புறுத்தினால், “மாமா, காலையில வேலை இருக்கு. இந்த ஒன்னு போதும்” என்று கிளாஸின் மேல் கையை வைத்துச் சொல்லுங்கள். இரண்டாவது தடவை கேட்டாலும் அதே பதில்.

மேசையில் மலாய் நண்பர் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். முஸ்லிம் மது அருந்துவது ஷரியா சட்டப்படி குற்றம். ஒரு வாய் பார் என்று விளையாட்டுக்கும் சொல்லக் கூடாது. அவர் பக்கத்தில் கிளாஸ் தெரிகிற மாதிரி படம் எடுத்து வெளியிட்டால் அவருக்கு வேலையிடத்திலும் வீட்டிலும் தொல்லை வரும். அவரும் வருகிறார் என்றால் சாப்பாட்டுக் கடையில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டுவிட்டு, அவர் விடைபெற்ற பிறகு பாருக்குப் போவதே நாகரிகம்.

பில் வந்ததும் கிளாஸ்களின் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். பிடித்த வைனின் லேபிளைக் கைபேசியில் படம் எடுத்து, ஆண்டு தெரிகிறதா என்று பாருங்கள். அதே வைன் வேறு ஆண்டில் வேறு மாதிரி இருக்கும். பிடிக்காததையும் படம் எடுங்கள். அடுத்த தடவை அந்த இரண்டு படங்களையும் காட்டி, இதைப் போல வேண்டும், இதைப் போல வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொன்னால், அவர் எடுத்துத் தருகிற கிளாஸ் பெரும்பாலும் சரியாக இருக்கும்.